லெஃப்ட் வீக்

பிறர் காதில் கிடந்ததை எடுத்துத் துடைத்து நம் காதில் மாட்டிக்கொள்ளும் தொழிலுக்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் சர்வீஸ் சென்டரில் அதற்கு ‘டெஸ்டிங்’ என்று பெயர். ஒயர் இல்லாத இயர்பட்ஸ் வாங்கி, வாங்கிய சூடு ஆறுவதற்குள் ‘சார்ஜ் நிக்கல’ என்று அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறீர்களா? அப்படியானால் நாம் தெரிந்தவர்கள்தான். நீங்கள் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நொந்துபோய் நின்றிருப்பீர்கள், நான் இந்தப் பக்கம் நொந்துபோய் உட்கார்ந்திருப்பேன்.

அதற்கு முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தேன். தகடு வைத்து அழுத்தி, வண்டிகளுக்கான பாகங்கள் எடுக்கிற இடம். ஒரு காலையில் வேலைக்குப் போனால் கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. ஐம்பதை நெருங்குகிற ஆளை அதற்குப் பிறகு யார் கூப்பிடுவார்கள்? பிரஸ் ஷாப்பில் என்னோடு இருந்த டில்லி முன்னாடியே விலகி, செல்போன் ரிப்பேர் கற்றுக்கொண்டு, இந்த சர்வீஸ் சென்டரில் டெக்னீஷியனாக இருந்தான். அவன்தான் என்னை இங்கே இழுத்துப் போட்டான். ‘ரெண்டு காது கீதுல்ல மாமே, அது போதும்’ என்றான்.

என் மனைவி கஸ்தூரி அதே எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். காலையில் சேக்காட்டிலிருந்து இருவரும் ஒரே வண்டியில் கிளம்புவோம். அவளை கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு நான் சென்டருக்கு வருவேன். இந்த வேலையும் போனால் எனக்குப் போக்கிடம் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன் பொய் சொல்லும்

பட்ஸை உடைத்துப் பேட்டரியைப் பார்க்க முடியாது. உடைத்தால் திரும்ப ஒட்டாது. போனில் காட்டும் சதவீதத்தையும் நம்ப முடியாது; எழுபது, எழுபது என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டுப் பொசுக்கென்று போய்விடும். ஆகவே டப்பாவில் போட்டு முழுசாக சார்ஜ் ஏற்றி, எங்கள் டெஸ்ட் போனோடு இணைத்து, சத்தத்தைக் குறைவாக வைத்து ஓட விடுவோம். ஓடுவது ஒரு பெண்ணின் குரல். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவாள், மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். அவ்வப்போது எடுத்துக் காதில் மாட்டி, எந்தப் பக்கம் எண்ணிக்கொண்டிருக்கிறாள், எந்தப் பக்கம் நிறுத்திவிட்டாள் என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் நிறுத்திய பக்கத்துக்கு ‘வீக்’ என்று ரிப்போர்ட் போட்டால், கம்பெனி அந்தப் பக்கத்துக்குப் புதுசு அனுப்பும். போன் பொய் சொல்லும், காது பொய் சொல்லாது என்பது எங்கள் சென்டரின் வேதவாக்கு.

கொரட்டூர் ஏரிப் பக்கம் ஃப்ளாட்டில் இருக்கிற ஒருவர் வந்தார். தேனிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர். பட்ஸ் சீக்கிரம் நின்றுவிடுகிறது, ஆனால் போனில் எண்பது சதவீதம் காட்டுகிறது, ஆகவே பேட்டரியில் கோளாறு இருக்க முடியாது என்று வாதாடினார். சரி, உட்காருங்கள் என்று அவர் காதிலேயே மாட்டிவிட்டேன். அவள் எண்ணிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. இரண்டு பக்கமும் அடங்கிவிட்டது. போனைத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் எண்பது. அவர் என்னோடு சண்டை போடவில்லை. பட்ஸைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“எங்க டீம்லயும் இப்படித்தாண்ணே. எண்பதுன்னு காட்டிக்கிட்டேதான் இருக்கோம். உள்ள ஒண்ணுமில்ல.”

ஹெல்மெட்டுக்குள் ஒன்று

சாப்பாடு டெலிவரி செய்கிற ஒரு பையன், அம்பத்தூர் பஸ் டிப்போ பக்கம் வீடு. அவனுடைய லெஃப்ட் பட்ஸ் அரை மணிகூட நிற்கவில்லை, ரைட் புதுசு போல இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் வாங்கியவன் ஒன்றை மட்டும் இப்படித் தேய்த்திருக்கிறானே என்று எனக்கு எரிச்சல். ஒரு பக்கத்தையே ஓட்டினால் அந்தப் பேட்டரிதான் முதலில் சாகும், மாற்றி மாற்றிப் போடக்கூடாதா என்று வாத்தியார் மாதிரி கேட்டேன்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். அடுத்த ஆர்டர் வந்துவிடும் என்கிற அவசரம். லெஃப்ட்டில் வழி சொல்லும் குரல் வருமாம். வலது பக்கம் லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற பக்கம், அந்தக் காதை மூடவே மாட்டானாம். பிரஸ் ஷாப்பில் எங்களுக்கும் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஒன்று கொடுத்தார்கள். யாரும் வைத்துக்கொண்டதில்லை. கூட நிற்கிறவன் ‘கையை எடு’ என்று கத்துவது கேட்காவிட்டால் விரல் போய்விடும். அதனால் அவன் சொன்னது எனக்குப் புரிந்தது.

“ரெண்டையும் மாட்னா ஹாரன் கேக்காதுண்ணா. ஒரு காது வேலைக்கு, ஒரு காது உசுருக்கு.”

சார்ஜே ஏறாத ஜோடி

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். திருநெல்வேலிக்காரர், கணவருக்கு ஃபேக்டரியில் வேலை. மகனுடைய பட்ஸைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மகனுக்குத் தெரியாமல் எடுத்து வந்ததாகச் சொன்னார். அவன் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், அந்த வேலையும் போய், இப்போது வீட்டில்தான் இருக்கிறான். எந்நேரமும் காதில் இதுதான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. இது எவ்வளவு நேரம் ஓடும், எப்போது நிற்கும் என்று தெரிந்தால், நிற்கிற நேரம் பார்த்துப் பேசலாம் என்று கேட்க வந்திருக்கிறார். இப்படி ஒரு காரணத்துக்காக யாரும் எங்கள் கவுன்ட்டருக்கு வந்ததில்லை.

டப்பாவில் போட்டேன், விளக்கு எரியவில்லை. சார்ஜர் மாற்றினேன், முனையைத் துடைத்துப் பார்த்தேன், டில்லியிடம் கொடுத்தேன். அவன் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே பச்சை பூத்துப்போய் மாசக்கணக்காயிருக்கும், பாட்டாவது ஒண்ணாவது என்றான். “இது ரொம்ப நாளா வேலையே செய்யலம்மா” என்று சொன்னேன். அவர் இல்லை இல்லை, இன்னிக்குக் காலையில கூட மாட்டியிருந்தான் என்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். பட்ஸை மறுபடி கைக்குட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு அவர் எழுந்தார்.

“அப்ப நான் கூப்பிட்டதெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கு, என்னா?”

லெஃப்ட்டே ஏன்?

இந்தச் சமயத்தில்தான் பெரிய ஆபீஸிலிருந்து எங்கள் மேனேஜர் சம்பத்துக்கு ஒரு கேள்வி வந்தது. மற்ற ஊர் சென்டர்களில் லெஃப்ட்டும் ரைட்டும் கலந்துதான் வீக் ஆகின்றன. உங்கள் அம்பத்தூரில் மட்டும் ஏன் லெஃப்ட்டாகவே வீக் ஆகிறது? சம்பத் நல்ல மனிதர்தான். கும்பகோணத்துக்காரர், யாரையும் ‘நீ’ என்று பேசமாட்டார். என்னைக் கூப்பிட்டு, என்ன ஏழுமலை, நம்ம ஊர் ஜனங்களுக்கு இடது காதில் என்ன விசேஷம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. நான் மாட்டுகிற ஜோடியில் பெரும்பாலும் லெஃப்ட்தான் முதலில் எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. போனில் அது உயிரோடு இருப்பதாகத்தான் காட்டும். போன் பொய் சொல்லும்.

சென்டர் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. டெலிவரி பையனின் கதையை நான் சொன்னேன்: பைக்கில் போகிறவன் எல்லாம் லெஃப்ட்டையே மாட்டுகிறான். ரயிலில் ஜன்னலோரம் சாய்ந்து தூங்குகிறவர்கள் ஒரு பட்ஸைத்தான் மாட்டுவார்கள், அது எந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் சர்ச்சை. ஆவடி போகும்போது வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்றுகூட யோசித்தோம். ஊரே கூடி யானையைத் தேடியபோது அது வீட்டு வாசலில் படுத்திருந்ததாம். எங்கள் கதையும் அப்படித்தான். டில்லிதான் கடைசியில் தீர்ப்புச் சொன்னான்.

“இந்த ஊர்ல பொண்டாட்டி லெஃப்ட்ல படுக்கறா மாமே. அந்தக் காத அடைக்காம எவனுக்குத் தூக்கம் வரும்?”

பையைத் திற

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மாற்றிக் கொடுத்த பழைய லெஃப்ட்டுகள் எங்கள் சென்டரிலேயே கிடக்கும்; அவற்றில் சிலதைப் பெரிய ஆபீஸில் வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதில் நிறைய நன்றாகவே ஓடியிருக்கிறது. நல்ல பட்ஸை வீக் என்று எழுதினால் யாருக்கு லாபம்? ஒற்றை பட்ஸைத் தொலைத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒற்றை லெஃப்ட் விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்த லாபம் யாருக்குப் போகிறது என்று பெரிய ஆபீஸ் கேட்டது. ரிப்போர்ட் எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.

பிரஸ் ஷாப்பில் அத்தனை காலம் இருந்து ஒரு துண்டுத் தகடு வீட்டுக்குக் கொண்டுபோகாதவன் நான். என் மனைவியும் அப்படித்தான். டெய்லர் வீடு என்று பெயர், ஆனால் கம்பெனி நூல் ஒரு முழம் எங்கள் வீட்டில் கிடையாது. இதையெல்லாம் சம்பத்திடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். திருடன் என்று யாருமே சொல்லாதபோது, நான் திருடன் இல்லை என்று எப்படிச் சொல்வது? மாலையில் கிளம்பும்போது அவர் வாசலில் நின்றார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். அந்த அவமானத்தை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

“நான் உங்களை ஒண்ணும் சொல்லல ஏழுமலை. பையை மட்டும் தொறந்து காட்டிட்டுப் போங்க.”

புது லெஃப்ட்

பை தினமும் திறந்தது. அதில் டிபன் பாக்ஸும் ஹெல்மெட் துடைக்கிற துணியும் தவிர எதுவும் இல்லை. நான் இன்னும் ஜாக்கிரதையாகச் சோதித்தேன். ஒவ்வொரு லெஃப்ட்டையும் ஸ்பிரிட் தொட்டு, சத்தம் வருகிற வலையைத் துடைத்து, மறுபடி சார்ஜ் ஏற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தேன். அப்போதும் லெஃப்ட்தான் நின்றது. நேர்மையாக இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, காதில் கேட்டதை எழுதுவது. கேட்டதை எழுத எழுத என் பெயர்தான் கெட்டுக்கொண்டே போனது.

திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பெண் வந்தாள். கால் சென்டரில் வேலை. போன தடவை நான் லெஃப்ட் வீக் என்று எழுதி, கம்பெனி புது லெஃப்ட் அனுப்பி, அதை வாங்கிப்போனவள். இப்போது டப்பாவின் மூடி ஆடுகிறது என்று கொண்டுவந்தாள். வந்தது வந்தாயிற்று, பேட்டரியையும் பார்த்துவிடலாம் என்று நானே வாங்கி ஓட விட்டேன். காதில் மாட்டினேன். வலது பக்கம் அந்தக் குரல்காரி எண்ணிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் சத்தமே இல்லை. போன மாசம் பிரித்த புது லெஃப்ட். இதுவும் வீக் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என் கையிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் பயந்த மாதிரி என்னைப் பார்த்தாள்.

“இதுல நல்லா எண்ணுறாங்களே அண்ணா. உங்களுக்கு மட்டும் என்ன ஆச்சு?”

மாற்றி மாட்டு

டில்லி மேஜைக்கு அந்தப் பக்கம் சால்டரிங் வைத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெண் போனதும் எழுந்து வந்தான். ஒரு ஜோடியை எடுத்து என்னிடம் நீட்டினான். மாற்றி மாட்டு என்றான். லெஃப்ட்டை வலது காதில், ரைட்டை இடது காதில். எங்கள் தொழிலில் யாரும் அப்படிச் செய்ய மாட்டோம். எல் என்று போட்டிருப்பது இடது காதுக்கு, ஆர் என்று போட்டிருப்பது வலது காதுக்கு, அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, அப்படித்தான் உட்காரும். செருப்பைக்கூட அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்கிறேன். பட்ஸை ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை.

திருப்பித் திருகி, எப்படியோ உட்கார வைத்தேன். நான் இத்தனை மாசம் செத்துவிட்டது என்று எழுதிய லெஃப்ட்டிலிருந்து எண்ணுகிறவளின் குரல் வலது காதில் தெளிவாக வந்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. இடது காதில் இப்போது இருந்தது நல்ல ரைட். அதில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு ஜோடி எடுத்தேன். அதற்கப்புறம் இன்னொன்று. டில்லி தடுக்கவில்லை. ரேக்கில் ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நான் மாட்டிப் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். கேலி பேசாமல் அவன் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

“பட்ஸு எல்லாம் நல்லாதான் கீது மாமே.”

எந்தப் பக்கம் மெஷின்?

காது கிளினிக்கில் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் பெரிய ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இத்தனை பேருடைய பட்ஸை டெஸ்டில் போட்டவனை டெஸ்டில் போட்டார்கள். வலது பக்கம் டக் டக் என்று அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இடது பக்கம் நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் முன்னாடி என்ன வேலை என்று கேட்டாள். பிரஸ் ஷாப் என்றேன். எந்தப் பக்கம் மெஷின் என்று கேட்டாள். பெரிய பிரஸ் எனக்கு இடது பக்கம், வலது பக்கம் வாசல். அந்த இரைச்சலில் நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது, மருந்து கிடையாது, மெஷின் வேண்டுமானால் வைக்கலாம் என்றாள். எனக்கு அந்தப் பெரிய பிரஸ்தான் ஞாபகம் வந்தது. எந்த மெஷின் என்று கேட்டேன். காதுக்குள் வைக்கிற மெஷின் என்றாள். ஆனால் சென்டரில் சம்பத் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கிறதே, டில்லி பேசுவது கேட்கிறதே என்று வாதாடினேன், அந்தத் தேனிக்காரர் போன் சதவீதத்தைக் காட்டி வாதாடிய மாதிரி.

“கனமான குரல் கடைசியிலதான் போகும் சார். பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல், அதான் முதல்ல போகும்.”

இரண்டில் ஒன்று

டில்லி ஒரு யோசனை சொன்னான். யாரிடமும் சொல்லாதே. இனிமேல் இரண்டு பட்ஸையும் வலது காதிலேயே ஒவ்வொன்றாக மாட்டிப் பார். ரிப்போர்ட் சரியாகிவிடும், வேலையும் நிற்கும். நல்ல யோசனை. ஆனால் பை சோதனை ஆரம்பித்த பிறகு லெஃப்ட் வீக் திடீரென்று நின்றுபோனால் சம்பத் என்ன நினைப்பார்? திருடன் பயந்து நிறுத்திவிட்டான் என்றுதானே? வேலை தங்கும், பெயர் போகும். காது கேட்கவில்லை என்று சொன்னால் பெயர் தங்கும், வேலை போகும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யாரோ எதிரில் நீட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது. ராத்திரி தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். கஸ்தூரி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள், அவளிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சம்பத்திடம் சொன்னேன். கிளினிக் கொடுத்த காகிதத்தையும் வைத்தேன். அவர் படித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். பையைத் திறக்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். அது உண்மையான மன்னிப்பு, கண் கலங்கியிருந்தது. பிறகு என்னை டெஸ்டிங்கிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார். வருகிற பார்சலைப் பிரிக்க வேண்டும், போகிற பார்சலுக்கு டேப் ஒட்டி வெட்ட வேண்டும். அதுவும் பெரிய ஆபீஸ் விட்டுவைக்கிற வரைக்கும்தான். இத்தனைக்கும் காரணமான கெட்ட மனிதர் என்று யாரும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியே வரும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“திருட்டுன்னா ஒரு வார்னிங்கோட முடிச்சிருப்பேன் ஏழுமலை. காதுக்கு நான் என்ன பண்றது?”

வண்டியில்

கஸ்தூரியிடம் சொல்லாமல் சில நாள் ஓட்டினேன். டெய்லர் பெண்டாட்டியிடம் போய், நான் இப்போது டேப் வெட்டுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? காலையில் வழக்கம்போலக் கிளம்புவோம். புடவையில் ஒருக்களித்து உட்காருகிறவள் என்றால் உங்களுக்குத் தெரியும், கால் இரண்டும் இடது பக்கம்தான் தொங்கும், முகமும் அந்தப் பக்கம்தான் இருக்கும். முன்பெல்லாம் வழி நெடுக என் தோளில் கையை வைத்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டு வருவாள். இப்போது பேசுவதில்லை. எத்தனை நாளாகப் பேசுவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஹெல்மெட், லாரி இரைச்சல், வயசாகிறது, வேலைக் களைப்பு என்று நானே காரணங்களைப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தம் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினேன். இறங்கச் சொன்னேன். பஞ்சரா என்று கேட்டாள்; உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். என் இடது காது போய்விட்டது என்றேன். பிரஸ் ஷாப்பிலேயே போய்விட்டதாம், எனக்குத்தான் இப்போது தெரிந்தது என்றேன். டெஸ்டிங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், பேக்கிங்கில் டேப் வெட்டுகிறேன் என்றேன். இவ்வளவையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையால் என் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்:

“நானும் டெய்லர் இல்லீங்க. ஆடி மாசத்துலயே மெஷின்லேர்ந்து எடுத்துட்டாங்க, ஊசியில நூல் கோக்க கண்ணு தெரியலன்னு. நூல் பிசிறு வெட்டிக்கினு கீறேன். அன்னிக்கே இதே ரோட்ல சொன்னேன், நீங்க ஒரு ‘உம்’ கூட சொல்லல. சரி, இவருக்கு நம்ம பேச்சு பிடிக்கலன்னு அப்பறம் நானே வாய மூடிக்கினேன்.”

பட்ஸ் வைத்திருக்கிற புண்ணியவான்களே, ஒரு பக்கம் சத்தம் நின்றுவிட்டால் எங்கள் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்கு முன்னால், அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருந்தவர் யார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.